பதினோரு வீட்டுக் காவேரி

எருமைகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு வாரம் முழுக்க நம்பியவள் நான். அவரவருக்கு ஒரு மயக்கம் இருக்கத்தான் செய்கிறது. சிலர் தங்களுக்குப் பாட வரும் என்று நம்புகிறார்கள். சிலர் தங்கள் ரசத்துக்கு ஈடு இணை இல்லை என்று நம்புகிறார்கள். நான் எருமைகளை நம்பினேன். அந்த மயக்கம் தெளிந்தபோது எங்கள் துறையின் கருத்தரங்கக் கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் சூடான டீயும் பஜ்ஜியும் வேறு கொடுத்திருந்தார்கள். (இப்போது நான் கால்நடை மருத்துவர். என்னைப் பார்த்ததும் எருமைகள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கின்றன. பழகிவிட்டது.)

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. என் ஆராய்ச்சி என்னவென்று யாராவது கேட்டால் ஏன் கேட்டோம் என்று வருந்தும் அளவுக்கு விளக்கம் சொல்வேன். உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாடுகளின் உடம்பில் அது ஆயுசு முழுக்கச் சும்மாவே கிடக்கும். ஏதோ சிலவற்றுக்கு மட்டும்தான் நோயாக மாறும். இந்த வைரஸின் மரபணு ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே போகும். மீன் குழம்பு மாதிரிதான். எல்லா வீட்டிலும் மீன் குழம்புதான், ஆனால் ஒரு வீட்டில் புளி தூக்கல், இன்னொரு வீட்டில் காரம் தூக்கல். விழுப்புரம் பக்கத்து எருமைகளின் ரத்தத்தில் இந்தக் குழம்பு எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அதற்கு எருமைகளின் ரத்தம் வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு, திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி, ஊதா மூடி போட்ட குப்பிகள், ஐஸ் கட்டிகள் சகிதம் கிளம்பினேன். விழுப்புரம் போய், அங்கிருந்து காணை பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் இறங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இன்னா மீனு?" என்று கேட்டார். ரத்தம் எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே தெரு. தெருவில் பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் எருமை. ஆண்கள் பாதிப் பேர் கட்டட வேலைக்குப் புதுச்சேரி போய்விடுவார்கள், எருமைகளைப் பார்த்துக்கொள்வது பெண்கள்தான். நான் தெருமுனையில் வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். புற்றுநோய், வைரஸ், மரபணு, வேறுபாடு, திரிபு, பரிணாமம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். முன்வரிசையில் குந்தியிருந்த முனியம்மா என்ற அக்கா கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். (இது ஒரு கலை. பின்னாளில் கருத்தரங்குகளில் நானும் கற்றுக்கொண்டேன்.)

"அல்லாம் சரி டாக்டரம்மா, ரத்தம் எடுத்தா பாலு கொறையுமா?" என்று ஒரு குரல் கேட்டது.

"அறிவியல்பூர்வமாகக் குறையாது" என்றேன். அந்த 'அறிவியல்பூர்வமாக' என்ற சொல்லைச் சொன்னவுடனே எல்லோருக்கும் பால் குறையும் என்பது உறுதியாகிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் வந்தவளை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று முனியம்மா அக்கா தன் எருமையைக் காட்டினார். "அது கொஞ்சம் கோவக்காரி. தள்ளி நின்னுகினு எடு" என்றார். ஆறடி நீள எருமையின் கழுத்து நரம்பில் தள்ளி நின்று எப்படி ரத்தம் எடுப்பது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். எருமை என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது வானம்தான். அதற்கும் அடுத்து எருக்குழி. ஒரு வருஷத்துச் சாணம் அதில் பக்குவமாக ஊறிக்கொண்டிருந்தது, நான் இடுப்பு வரை இறங்கியிருந்தேன்.

நாலு பேர் சேர்ந்து இழுத்து வெளியே போட்டார்கள். எதிர்வீட்டு அஞ்சலை அக்கா என்னை அடிபம்புக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தலையில் தண்ணீர் ஊற்றினார். மெலிந்த, அதிகம் பேசாத பெண். புருஷன் புதுச்சேரியில் கொத்தனார், வாரத்துக்கு ஒருமுறை வருவார். தன்னுடைய பூப்போட்ட நைட்டி ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டார். அதுவரை தாங்கியிருந்த எனக்கு அந்த நைட்டியைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுதால் கௌரவமாக அழ வேண்டும். நான் ஊரே கேட்கும்படி ஓவென்று அழுதேன். அழுகையின் நடுவே என் மொத்த வாழ்க்கையையும் ஒப்பித்தேன்.

"இந்தப் பெட்டி நிறையலைன்னா எங்க சார் என்னைத் திட்டுவார்க்கா. பெட்டி நிறையலைன்னா எனக்குப் பட்டம் கிடையாது. பட்டம் இல்லைன்னா எங்கம்மா படிச்சது போதும்னு யாருக்காவது கட்டிக் குடுத்துடுவாங்க. பெட்டி நிறையணும்க்கா. பெட்டி நிறையலைன்னா என் வாழ்க்கையே போச்சு."

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறைய வேண்டும் என்றுதான் சொன்னேன். எதனால் நிறைய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். முனியம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அழுவாத கண்ணு. இன்னிக்கி வூட்டுக்குப் போ. நாளைக்கி வா. ஒரு நாளைக்கி ரெண்டு வூடு, அதுக்கு மேல வாணாம். எருமையெல்லாம் நாங்க புடிச்சிக் கட்டி வெக்கிறோம்."

மறுநாளிலிருந்து அற்புதம் தொடங்கியது. நான் போகும்போது ஒரு வீட்டு வாசலில் எருமை தயாராகக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டியது. ஊசி குத்தினால் காதைக்கூட ஆட்டவில்லை. மாறாக, நான் ரத்தத்தைக் குப்பியில் இறக்கும் நேரத்தில் என் துப்பட்டாவின் நுனியை மெதுவாக வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. சாயங்காலம் இன்னொரு வீடு. அங்கேயும் அதே மரியாதை. அதே நீட்டிய கழுத்து. துப்பட்டாவுக்கும் அதே கதி. அடுத்த நாள் இன்னும் இரண்டு வீடுகள், இன்னும் இரண்டு தங்கமான எருமைகள். நான் மெய்சிலிர்த்துப் போனேன். எருக்குழி ஒரு விபத்து, உண்மையில் எனக்கு எருமைகளோடு ஏதோ பூர்வஜென்ம பந்தம் என்று புரிந்துகொண்டேன். போகப் போக ஊசி போடும் முன் அவற்றின் நெற்றியைத் தடவி, "பயப்படாதேம்மா, நான்தான்" என்று சொல்லவும் ஆரம்பித்தேன். அது பயப்படவில்லை. ஏன் பயப்படும்? என்னை அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. நான்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

எல்லா எருமைக்கும் இடது காது கிழிந்து, அதில் மாட்டும் அடையாள வில்லை காணாமல் போயிருந்தது. "வேலி முள்ளு கீசிடுச்சி" என்றார்கள். இந்த ஊர் வேலி ரொம்ப மோசம் என்று முடிவுசெய்தேன். முனியம்மா அக்காவின் கோவக்காரிகூட திடீரென்று சாதுவாகியிருந்தது, என் அன்புதான் காரணம் என்று நினைத்தேன். எல்லா எருமையும் சினை, ஒன்றிடமும் பால் இல்லை. கருவூட்டல் முகாம் ஒன்று பிரமாதமாக நடந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். எல்லா எருமையின் கழுத்திலும் மஞ்சள் அப்பியிருந்தது. கிராமத்து மக்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (நான் முந்தின நாள் குத்திய இடத்துக்குத்தான் அந்த மஞ்சள்.) மாட்டுப் பொங்கலுக்கு அடித்த கொம்புப் பெயிண்ட் மட்டும் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தது. ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். ஒருநாள் கொம்பைத் தொட்டபோது என் உள்ளங்கை முழுக்க நீலம் ஒட்டிக்கொண்டது. பொங்கல் முடிந்து இத்தனை நாளாகியும் பெயிண்ட் காயவில்லையே என்று யோசித்தேன். தை மாதப் பனி என்று அதற்கும் பதில் கிடைத்தது. படித்தவளுக்குப் பதிலா பஞ்சம்?

வீட்டில் அம்மாதான் பொறுமை இழந்தாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அம்மாவுக்குத் தையல் கடை. என் சுடிதார்கள் எல்லாம் அவள் கை வேலை. "அந்த ஊர்ல எருமைங்களுக்கு வைக்கோலே போட மாட்டாங்களாடி? அல்லாம் துப்பட்டாதான் துன்னுமா?" என்று கத்தினாள்.

"அதுங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கும்மா" என்றேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டி நிறைந்தது. கடைசி நாள் நான் கிளம்பும்போது தெருவே பஸ் நிறுத்தம் வரை வந்தது. அஞ்சலை அக்கா ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தார். "பொட்டி நெறஞ்சிச்சா கண்ணு?" என்று கேட்டார். நிறைந்தது அக்கா என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அழுகை வந்தது. (அந்தக் காலத்தில் எனக்கு எதற்கும் அழுகை வரும்.)

ஆய்வகத்தில் பார்த்தால், பதினோரு குப்பியிலும் வைரஸ் இருந்தது. மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தோம். பதினோரு குப்பியிலும் வைரஸ் அச்சுப் பிசகாமல் ஒன்றே. ஓர் எழுத்துகூட மாறவில்லை. என் வழிகாட்டியான சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இது பெரிய விஷயம்மா. ஒரே வைரஸ் எங்கிருந்தோ புதுசா வந்து, ஊர் முழுக்க ஒரே வீச்சுல பரவியிருக்கு" என்றார். நானும் சும்மா இருப்பேனா? அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது, எந்த ஈ கொண்டுவந்தது, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று அம்புக்குறி போட்டு ஒரு வரைபடமே தயாரித்துவிட்டேன்.

கருத்தரங்க நாள் வந்தது. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் அம்மா வந்திருந்தார். நான் மீன் குழம்பில் ஆரம்பித்தேன். வீட்டுக்கு வீடு குழம்பு மாறும், ஆனால் இந்த ஊரில் பதினோரு வீட்டிலும் உப்பு, புளி, காரம் ஒரு கல்கூட மாறாமல் ஒரே குழம்பு என்றேன். கூட்டம் ரசித்தது. அடுத்ததாகப் பதினோரு எருமைகளின் படத்தையும் வரிசையாகத் திரையில் போட்டேன். பெருமைக்காகத்தான் போட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

நிபுணர் அம்மா பஜ்ஜியைப் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, பதினோரு வீட்டுக் குழம்பும் ஒரே மாதிரி இருக்குன்னா, எல்லாருக்கும் ஒரே சட்டியிலேர்ந்து ஊத்தியிருப்பாங்கன்னு உனக்குத் தோணலையா?"

எனக்குப் புரியவில்லை. சாருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் வெளிறியது.

"அந்த மூணாவது எருமையோட கொம்பைக் கொஞ்சம் பெருசு பண்ணும்மா" என்றார் நிபுணர் அம்மா. பெரிதாக்கினேன். கொம்பில் சிவப்பு அடித்திருந்தது. சிவப்பு உதிர்ந்த இடத்தில் பச்சை தெரிந்தது. ஐந்தாவது எருமையின் கொம்பில் நீலம், அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் பச்சை. கடைசி எருமைக்கு வந்தபோது கொம்பு வானவில்லாகியிருந்தது. கூடத்தின் பின்வரிசையில் யாரோ ஒரு சிரிப்பை அடக்கினார்கள். அடக்க முடியவில்லை.

நான் விடவில்லை. "அந்த ஊர்ல அது வழக்கம் மேடம். வருஷா வருஷம் பழைய பெயிண்ட் மேலயே அடிப்பாங்க" என்றேன். மூழ்கும்போது கையில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வோம் இல்லையா?

அவர் கோபப்படவில்லை. "இந்த வைரஸ் எருமையோட ரத்த வெள்ளணுவுக்குள்ள போய் ஒட்டிக்கிட்டுதானே இருக்கும்? அப்ப உன் குப்பியில வைரஸ் மட்டும் இல்ல, எருமையும் இருக்கு. எருமையையே ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றார்.

கேட்டோம். குப்பிகளில் இருந்த எருமையின் சொந்த மரபணுவைப் படித்துப் பார்த்தோம். பதினோரு குப்பியும் ஒரே குரலில் பதில் சொன்னது. நான் ஒரே எருமையைத்தான் பதினோரு முறை குத்தியிருக்கிறேன். ஊர் முழுக்கப் பரவிய என் புதிய வைரஸ், ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குக் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகப்பட்டிருக்கிறது. சார் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "போய் அந்த எருமைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாம்மா."

நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. சண்டை போடப் போனேன். டவுன் பஸ்ஸில் வழி நெடுக வசனம் தயார்செய்தேன். அறிவியலுக்குத் துரோகம், நம்பிக்கை மோசம் என்றெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள். வேப்பமரத்தடியில் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டேன்.

"யாரோட எருமை அது?" என்றேன்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அஞ்சலை அக்கா கையை உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவுக்கு உயர்த்துவதுபோல.

"எங்க காவேரி கண்ணு. அது சாதுவா இருக்கும். பாலும் இல்ல, சினையா இருக்குது. ரத்தம் எடுத்தா கொறையறதுக்கு இன்னா இருக்குது? அதான் அவங்க அவங்க வந்து ஓட்டிக்கினு போனாங்க. நாங்க இங்க அல்லாத்தையும் கைமாத்து வாங்கிக்குவோம். ஏரு, பம்பு செட்டு ஓஸு பைப்பு, காப்பித்தூளு... அந்த மாதிரிதான்."

"ஏன்க்கா எனக்குச் சொல்லலை? கொம்புக்கு வேற கலர் கலரா பெயிண்ட் அடிச்சீங்களே!"

முனியம்மா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன? ஒரே எருமைன்னு தெரிஞ்சா உனுக்கு மனசு கஷ்டமா இருக்காது? பொட்டி நெறையலன்னு ஊரு கேக்க அழுவுற. எங்க எருமைங்க உன்ன ஒண்ணொண்ணா தூக்கி அந்தக் குழியில போட்டுக்கினே இருந்தா பேஜாரா பூடாது? நீ தெனத்துக்கும் வந்து, பயப்படாதம்மான்னு அது நெத்திய தடவும்போது நாங்க அவ்ளோ பேரும் கொட்டாய் பின்னால நின்னுகினு வாய பொத்திக்கினு இருந்தோம். ஒருத்தியாவது சிரிச்சோமா?"

நான் தயார்செய்து வைத்திருந்த வசனத்தை விட்டுவிட்டு வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னை வாழ்க்கையில் யாரும் அவ்வளவு கவனமாக ஏமாற்றியதில்லை.

அப்போதுதான் அஞ்சலை அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். "கண்ணு, அந்தப் புத்துநோவு கிருமி... நம்ம காவேரிக்கு இருக்குதா?"

இவ்வளவு நாளும் என் பட்டம், என் மானம், என் வரைபடம் என்றே ஓடிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ரத்தம் ஒருவருடைய எருமையின் ரத்தம் என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அவருக்கு இருப்பது அந்த ஓர் எருமைதான். கன்று போட்டால் அதன் பாலில்தான் வீடு ஓட வேண்டும். மற்ற வீடுகளின் எருமைகளை நான் தொடவே இல்லை. இரக்கப்பட்டு எருமையைக் கொடுத்தவருக்கு மட்டும்தான் நான் கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறேன்.

"இருக்குக்கா" என்றேன்.

அக்கா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "வித்துடணுமா? யாரும் இனிமே பாலு வாங்க மாட்டாங்க இல்ல?"

நான் சொன்னேன். இந்த முறை பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. வைரஸ் இருப்பது வேறு, நோய் வருவது வேறு என்றேன். பெரும்பாலான எருமைகள் இதோடேயே ஆயுசு முழுக்க நன்றாக வாழும். பாலைக் காய்ச்சினால் வைரஸ் தங்காது. ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை இன்னொன்றுக்குப் போடாமல் இருந்தால் போதும், பிறக்கும் கன்றுக்கு மட்டும் சோதனை செய்துவிட்டு வேறு எருமையின் பால் கொடுக்கலாம் என்றேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கா தலையை ஆட்டினாரே தவிர, காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அவர் மற்ற பத்துப் பேரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பயமாக இருந்தது. ஒரே ஒரு பெண் முகத்தைச் சுளித்துவிட்டால் போதும், காவேரி கன்று போட்டாலும் அந்த வீட்டுப் பாலை யாரும் வாங்க மாட்டார்கள்.

முனியம்மா அக்கா என்னிடம் திரும்பினார். "நீ கம்ப்யூட்டர்ல இன்னா போட்டுக்கினு இருக்க? பதினோரு வூட்டுக்கும் கிருமி இருக்குதுன்னுதானே?"

"ஆமாக்கா. அது தப்பு. அதை அழிச்சிடுவேன்."

"எதுக்கு அழிக்கிற? எங்க வூட்டு வாசல்ல கட்டி, எங்க எருமைன்னு சொல்லி, எங்க பெயிண்ட அடிச்சிதானே உங்கிட்ட ரத்தம் குட்த்தோம்? அன்னிக்கி எங்க எருமையா இருந்தது, கிருமி வந்ததும் அவ எருமையா ஆய்டுமா?" அப்படியே அஞ்சலை அக்காவின் பக்கம் திரும்பினார். "அடியே, கன்னுக்குட்டி பொறந்ததும் எங்க வூட்டுக்கு ஓட்டியா. கோவக்காரி பாலு குடுப்பா. நீ எருமைய விக்கிறேன்னு மட்டும் சொல்லு, உன்ன நான் தூக்கிப் போடறேன் அந்தக் குழியில."

யாரோ ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரம் மற்ற வீட்டு எருமைகளிடம் நிஜமாகவே ரத்தம் எடுத்தேன். ஒவ்வொரு எருமைக்கும் ஐந்தாறு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கயிறு அறுந்தது, ஒரு கீற்றுத் தடுப்பு சாய்ந்தது, நான் எருக்குழிக்கு இன்னொரு முறை போய்வந்தேன். முனியம்மா அக்காவின் கோவக்காரிக்கு வைரஸ் இல்லை. இன்னும் சில எருமைகளுக்கு இருந்தது. அவற்றின் வைரஸில் காவேரியுடையதிலிருந்து ஓரிரு எழுத்து மாறியும் இருந்தது. நான் தேடிப் போன வேறுபாடு அதுதான். பார்த்ததும் நான் துள்ளிக் குதிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னேன். "போவுது போ, காவேரியே தைரியமாத்தான இருக்குது" என்றார்கள்.

காவேரி கிடேரிக் கன்று போட்டது. அது கோவக்காரியிடம் பால் குடித்து வளர்ந்தது, வைரஸ் இல்லை என்று சோதனையிலும் வந்தது. குணத்தில் மட்டும் பால் கொடுத்தவளைக் கொண்டுவிட்டது. அதற்கு என் பெயரான கயல்விழியை வைத்திருக்கிறார்கள். ஒருமுறை நான் போயிருந்தபோது, "கயலு, வாய வெக்காதடி அதுல!" என்று அதட்டல் கேட்டு, நான் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் போட்டுவிட்டேன்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்தும் அம்மா விடவில்லை, திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் செய்துவைத்தாள். மாப்பிள்ளை நல்லவர், அதுவரை எருமைக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. வரவேற்பில் நாங்கள் மேடையில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தத் தெருவே வேன் பிடித்து வந்து இறங்கியது.

முதலில் முனியம்மா அக்கா குடும்பம் மேடை ஏறியது. கையில் கனமான பித்தளைக் குத்துவிளக்கு, அதில் பச்சை ரிப்பன். வாங்கினேன், போட்டோ எடுத்தார்கள், விளக்கைப் பக்கத்து மேஜையில் வைத்தேன். அடுத்த குடும்பமும் குத்துவிளக்குதான் கொடுத்தது. சிவப்பு ரிப்பன். அதற்கடுத்த குடும்பம், நீல ரிப்பன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இன்னாடி, வூட்டுக்கு ஒரு வெளக்கு குடுக்கிறாங்க!" என்று காதில் கிசுகிசுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேஜையைப் பார்த்தார். மேஜையில் விளக்கு ஒன்றுகூட இல்லை.

நீல ரிப்பனுக்கு அடியில் சிவப்பு ரிப்பன் எட்டிப் பார்த்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிவப்புக்கு அடியில் பச்சை. சட்டென்று திரும்பினேன். மேடையின் பக்கவாட்டுப் படியில் அஞ்சலை அக்கா குந்தியிருந்தார். மேஜையிலிருந்து எடுத்த விளக்கின் மேல் மஞ்சள் ரிப்பனை மும்முரமாகக் கட்டி, அடுத்து நின்ற குடும்பத்தின் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. இந்த முறையும் ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். முகத்து அலங்காரம் எல்லாம் வழிந்து ஓடும்வரை சிரித்து, கடைசியில் மாப்பிள்ளையின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவர் பயந்துபோய் எனக்குச் சோடா கேட்டார்.

கடைசியாக அஞ்சலை அக்கா மேலே வந்தார். விளக்கு வானவில்லாகியிருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு என் நெற்றியைத் தடவினார்.

"பயப்படாதம்மா, நாந்தான்" என்றார்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் பதினோரு படங்களில் பதினோரு குடும்பங்கள் எனக்குக் குத்துவிளக்கு கொடுக்கின்றன. அந்த விளக்கு எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. அதன் பெயர் காவேரி. வெள்ளிக்கிழமையானால் என் கணவர் சமையலறையைப் பார்த்து, "காவேரிக்கு எண்ணெய் ஊத்தியாச்சா?" என்று குரல் கொடுப்பார். புதிதாக வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த ஆல்பத்தைப் பிரித்து உட்கார்ந்துவிடுவாள். "எங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஒரே ஊருலேர்ந்து பதினோரு வெளக்கு வந்துது, தெரியுமா?" என்பாள். வந்தவர்கள் அலமாரியை எட்டிப் பார்த்து, மற்ற பத்தும் எங்கே என்று கேட்பார்கள்.

"பதினொண்ணும் அதுதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்.